எண்பத்து மூணாம் நம்பர் மழை

மழைக்கு எங்க இரும்பு வார்க்கற பவுண்டரியில வேலை கெடச்சது ஆவணி மாசம், எங்க எண்பத்திரண்டு பேருக்கும் வேலை போய்ச் சரியா நாப்பத்தோராவது நாள், திங்கக்கெழமை காலையில எட்டரைக்கு. ஊருக்குப் பெய்யற மழைன்னு நெனச்சுக்காதீங்க, ஊர்ல அன்னிக்கு மண்டையைப் பொளக்கற வெயிலு. தகரக் கூரைக்குக் கீழ, உலைக்கும் மணல் குவியலுக்கும் நடுவுல, கூரையில ஒரு ஊசி ஓட்டை கூட இல்லாம, வேலைக்கு வந்த ஆளு மாதிரி நின்னு நிதானமாப் பேஞ்சுது. சைரன் கூட ஊதலை. அதுவாவே நேரம் தெரிஞ்சு வந்துருச்சு.

எங்களுக்கு வேலை போனது ஆடி மாசம். கோயமுத்தூருல அந்த வருசம் பம்புசெட்டு விக்கல, பம்பு விக்கலைன்னா அதுக்கு வார்ப்பு வார்க்கற எங்களை யாரு கேக்கப் போறாங்க. பக்கத்துப் பட்டறை ஒவ்வொண்ணா விளக்கை அணைச்சுட்டு வந்து, கடைசியில எங்க முதலாளி வரதராஜுலு ஒரு நாள் உலைக்குப் பக்கத்துல பெட்டி மேல ஏறி நின்னு, ஆர்டரே இல்லப்பா, வந்தா மொதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன்னு சொல்லிக் கும்பிட்டாரு. காலையில சாப்பிடாம வந்திருக்காருன்னு மொகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது, அதனால அவரு மேல ஒழுங்காக் கோவப்படக் கூட எங்களால முடியல.

என்ற பேரு சம்பூர்ணம். நான் கோர் செக்‌ஷன். கோர்னா, இரும்பை ஊத்தும்போது உள்ளுக்குள்ள பொந்து விழறதுக்காக மணல்ல புடிச்சு வெக்கற உருவம். பம்புக்குள்ள தண்ணி வளைஞ்சு வளைஞ்சு போற வழியெல்லாம் எங்க பொம்பளைங்க கையில பொறந்ததுதான். பத்தொம்பது வருசம் நான் புடிச்சேன்.

எங்கூட்டுக்காரரு சென்னியப்பன் அதே கம்பெனியில இன்ஸ்பெக்டரு. நாங்க தட்டுல அடுக்கி அனுப்பற கோர், வார்த்து வர்ற சாமான்னு எல்லாத்தையும் தட்டிப் பாத்து, தடவிப் பாத்து, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, குறை இருந்தா சிவப்புப் பெயிண்டுல ஒரு கோடு இழுப்பாரு. கோடு விழுந்தா ரிஜெக்ட்டு, விழலைன்னா பாஸு. இந்த ரெண்டு தவிர அந்த மனுசனுக்கு வேற பாஷை தெரியாது. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தையை இருபத்தாறு வருசத்துல எந்தத் தொழிலாளிகிட்டயும் அவரு சொன்னதில்ல. வீட்டுலயும் அதே சட்டந்தான். ரசம் சரியில்லைன்னா "உப்பு" அப்படீம்பாரு, சரியா இருந்துச்சுன்னா பேசாமக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. பேசாமப் போனா பாஸுன்னு புரியறதுக்கே எனக்குக் கல்யாணமாகி மூணு வருசமாச்சு.

வேலை போனதும் அவங்கவங்க ஒவ்வொரு பக்கம் திரும்பிட்டாங்க. யூனியன் தலைவரு மாசிலாமணி அண்ணன் மச்சானோட ஆட்டோவை வாங்கி ஓட்டினாரு. எனக்குப் பக்கத்து பெஞ்சு லூர்து மாவரைச்சுப் பாக்கெட்டுப் போட்டா. உலையில நின்ன ரெண்டு பேரு, நமக்குச் சூடு புதுசான்னு சொல்லிக்கிட்டுப் பரோட்டாக் கடைக்குப் போயிட்டாங்க. நான் கல்யாண மண்டபத்துல காய் நறுக்கப் போனேன். இவரு மட்டும் தெனமும் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு எட்டரைக்கு நாற்காலியில உக்காந்துருவாரு. உக்காந்து வீட்டையே தட்டித் தடவிப் பாத்தாரு. செவுத்துல பதினோரு விரிசல் கண்டுபுடிச்சு பதினொண்ணுக்கும் சிவப்புக் கோடு இழுத்தாரு, குடத்துல ஒரு நெளிசலுக்கு ஒண்ணு, கட்டில் காலுக்கு ஒண்ணு. ஒரு மாசத்துல வீடே ரிஜெக்ட்டு ஆயிருச்சு.

எத்தனையோ பேரு வேலை சொன்னாங்க. ஜவுளிக்கடையில வாசல்ல நிக்கறது, பேக்கரியில சரக்கு எறக்கறது, ஸ்கூல் வேன்ல கூடப் போறது. எல்லாத்துக்கும் "நான் இன்ஸ்பெக்டரு" அப்படீங்கறதுதான் பதிலு. அதுவும் போகப் போகக் கொறஞ்சு, சோறு கொறஞ்சு, பேச்சு கொறஞ்சு, சட்டைக்குள்ள ஆளே கொறஞ்சுக்கிட்டு வந்தாரு. வேலை போனது போகட்டும், இந்த மனுசனும் அது பின்னாடியே போயிருவாரோன்னு பயந்து போயிட்டேன். ஆர்டர் வரோணும்னு நான் வேண்டிக்கல, இவரு எதையாச்சும் ஒண்ணைக் கையில எடுத்துப் பாத்து மனசு நெறையோணும்னுதான் வேண்டிக்கிட்டேன்.

அப்பத்தான் வாட்ச்மேன் ஆறுச்சாமி போன் பண்ணி, "அக்கா, உள்ள மழை வேலைக்கு வந்திருக்குதுங்க, என்ன பண்றதுன்னு தெரியல" அப்படீன்னாரு.

நாங்க எல்லாரும் போய்ப் பாத்தோம். மழை எப்படி வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. மாசிலாமணி அண்ணன் ஆட்டோவை ஓரங்கட்டிட்டு நேரா முதலாளிகிட்டப் போனாரு. "எண்பத்திரண்டு பேரை வெளிய நிறுத்திப்போட்டு புதுசா ஆளெடுத்திருக்கீங்க. இது பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா?" முதலாளி, நான் கூப்பிடவே இல்லீங்க மாசிலாமணி, அதுவா வந்துச்சுன்னு மாகாளியம்மன் மேல சத்தியம் பண்ணினாரு. அண்ணன் நம்பல. ஆனா பத்தரை மணிக்கு மழை டக்குன்னு நின்னு பத்து நாப்பதுக்கு மறுபடி ஆரம்பிச்சுது, பன்னெண்டரைக்கு நின்னு ஒரு மணிக்கு வந்துச்சு, அஞ்சு மணிக்கு ஒரு சொட்டு மிச்சம் வெக்காம வீட்டுக்குக் கெளம்பிப் போயிருச்சு. அதைப் பாத்ததும் அண்ணனுக்கு மனசு எளகிருச்சு. "நம்ம சாதிசனம் மாதிரிதான் இருக்குது, பாவம்" அப்படீன்னு சொல்லி எங்க வருகையைக் குறிக்கற டைம் ஆபீசுல இருந்து, எங்களுக்கு ஆளுக்கொண்ணு இருக்கற மாதிரி ஒரு பித்தளை டோக்கன் எடுத்து வரச் சொல்லி, எண்பத்து மூணுன்னு நம்பர் அடிச்சு போர்டுல மாட்டினாரு. மறுநாள் டீ நேரத்துக்கு ஆறுச்சாமி ஒரு டம்ளர் டீயும் ஒரு தேங்கா பன்னும் உலை மேல வெச்சாரு. பத்து நாப்பதுக்குப் பாத்தா டம்ளர் காலி, பன்னுல பாதி மிச்சம். மழைக்கு இனிப்பு ஆகாதுன்னு அடுத்த நாள்ல இருந்து மொறுமொறுன்னு உப்பு வர்க்கி வெச்சோம்.

ஞாயித்துக்கெழமை மழைக்கு லீவு. மத்த ஆறு நாளும் எங்க தெருவுல ஒரு ஆளு பவுண்டரிக்கு வராம இருந்ததில்ல. பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா கொழாயில தண்ணி வர்ற ஏரியா அது. பொம்பளைங்க குடத்தோட வந்தாங்க, ஆம்பளைங்க சோப்போட வந்தாங்க, ரிட்டயராகிப் போன ஒரு பேங்கு மேனேஜரும் அவரு சம்சாரமும் தெனமும் ரெண்டு பிளாஸ்டிக் சேரும் ஒரு கொடையும் கொண்டாந்து நடுமழையில உக்காந்து முறுக்குத் தின்னுட்டுப் போனாங்க, எதுக்குன்னு யாரும் கேக்கல. கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளையை வெச்சு போட்டோ புடிச்சாங்க. மாகாளியம்மன் கோயில் பூசாரி அபிசேகத்துக்குன்னு ரெண்டு குடம் கேட்டாரு. ரெண்டு மூணு வாரத்துல அது அதிசயமா இல்லாம ரேசன் கடை மாதிரி ஆயிருச்சு.

அதை வெச்சுப் பொழைக்கலாம்னு மொதல்ல கண்டது லூர்துதான். எவளோ அழுகின தக்காளியை மணல் குவியல்ல வீசிட்டுப் போயிருக்கறா, எட்டாம் நாள் பாத்தா பச்சைப் பசேல்னு நாத்து. லூர்து அதுக்கு முன்னாடி குத்த வெச்சு உக்காந்து ரொம்ப நேரம் பாத்தா. "சம்பூ, வெளிய ஒரு காடு தோட்டத்துலயும் நாத்து விடத் தண்ணியில்ல. ஐப்பசி நடவுக்கு விவசாயிங்க நாத்துக்கு எங்க போவாங்க?"

அப்புறமென்ன, வேலைதான். இரும்பு வார்க்கறதுக்கு மணலை இடிச்சு அடைக்கற பெட்டியில எல்லாம் செம்மண்ணும் சாணியும் நெரப்பினோம். மண்ணைப் பெட்டியில போட எங்களுக்கு யாரு சொல்லித் தரோணும்னு ஒரு திமிரு. எங்க ஆளுங்க இருபது வருசப் பழக்கத்துல கட்டையை எடுத்து இடி இடின்னு இடிச்சுக் கல்லு மாதிரி ஆக்கி வெச்சுட்டாங்க, ஐநூறு பெட்டியில ஒரு வெதை மொளைக்கல. அத்தனையும் கொட்டி மறுபடி நெரப்பினோம். இடிக்கக் கூடாது, லேசாத் தட்டி விட்டாப் போதும்னு கைக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கே ஒரு வாரமாச்சு. மாசிலாமணி அண்ணன் தன் கையைத் தானே புடிச்சுக்கிட்டு நின்னதை நான் பாத்தேன். முதலாளி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏணியில ஏறி, தகரத்தைக் கழட்டிப் போட்டு வெளிச்சம் வர்ற ஷீட்டு மாட்டினாரு. அறுபது வயசு மனுசன், எறங்கி வந்து, "நல்ல சோலி பாத்து எத்தன நாளாச்சு" அப்படீன்னு சிரிச்சாரு. புரட்டாசி பாதியாகறப்போ தக்காளி, கத்திரி, மொளகான்னு நாப்பதாயிரம் நாத்து நின்னுது. எண்பத்திரண்டு பேருல, எங்கூட்டுக்காரரைச் சேக்காம, எழுவத்தேழு பேரு திரும்பி வந்துட்டாங்க. பரோட்டாக் கடைக்குப் போன ரெண்டு பேரும் வந்துட்டாங்க.

எங்கூட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போகறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துருச்சு. "நாத்துல குறை பாக்க ஆளில்லீங்க" அப்படீன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். எந்திரிச்சு, சட்டையை மாட்டி, பெயிண்டு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. லூர்து அவரை வாசல் கேட்டுல உக்கார வெச்சா, வர்றவங்களுக்கு நாத்து எடுத்துக் குடுக்கறதுக்கு.

விக்கறதுக்கு ஆகற மனுசனா அவரு. அன்னூருல இருந்து ஒருத்தரு டெம்போவோட வந்து ஆயிரம் தக்காளி நாத்துக் கேட்டாரு. இவரு ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்து, "தண்டு ஒல்லி. ரெண்டாவது இலையில சுருட்டை. இது வேண்டாம்" அப்படீன்னாரு. அடுத்ததை எடுத்து, "வேரு ஒரு பக்கம் கோணல்." வந்தவரு டெம்போவைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. மூணு நாள்ல ஒம்பது வண்டி காலியாப் போச்சு. லூர்து இடுப்புல கையை வெச்சு, "அண்ணா, நீங்க பொய் சொல்லத் தெரியாத சாமியாரு, கடைக்கு ஆகமாட்டீங்க" அப்படீன்னு சொல்லி அவரைக் கேட்டுல இருந்து உள்ள அனுப்பிட்டா.

உள்ள வந்தவரு சும்மா இருக்கலாமில்ல. சும்மா இருக்கறதுக்கு அவருக்குத் தெரியாதே. நாப்பது டம்ளரை வரிசையா வெச்சாரு. மழையை அளந்தாரு. வடக்கு மூலையில கம்மியாப் பெய்யுது, மத்தியானம் மூணு மணிக்கு மேல அசமந்தமாயிருது, செவ்வாக்கெழமை பேஞ்ச அளவுக்கு வெள்ளிக்கெழமை பெய்யலைன்னு எல்லாத்தையும் எழுதினாரு. சனிக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் கெளம்பற நேரத்துல டைம் ஆபீசுக்குப் போயி, எண்பத்து மூணாம் நம்பர் டோக்கன் மேல சிவப்புப் பெயிண்டுல ஒரு கோடு இழுத்துட்டாரு.

திங்கக்கெழமை எட்டரையாச்சு, ஒம்பதாச்சு, பத்தரையாச்சு. மழை வரல.

டீயை வெச்சோம், ஆறிப் போச்சு. வர்க்கிக்குப் பதிலா போண்டா வெச்சோம். முதலாளி மன்னிப்புக் கடுதாசி எழுதி போர்டுல ஒட்டினாரு. மாசிலாமணி அண்ணன் மேல பாத்து, "தோழர், பேசித் தீத்துக்கலாம் வாங்க" அப்படீன்னு ஒரு மணி நேரம் பேசினாரு. ஒரு சொட்டு கூட விழல. செவ்வாக்கெழமை லாரித் தண்ணி வாங்கி, எழுவத்தேழு பேரும் சொம்பு சொம்பா மொண்டு ஊத்தியும் நாத்தெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுருச்சு. அடுத்த வாரம் நடவு. நாத்துப் போச்சுன்னா மறுபடி ஆட்டோ, மறுபடி மாவு, மறுபடி அவரவரு தனித்தனி. எல்லாருக்கும் தெரியும் யாரு பேசோணும்னு. ஒருத்தரும் இவரு மொகத்தைப் பாத்துச் சொல்லல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

அன்னிக்குச் சோத்துக்கு உக்காந்தப்போ நானே கேட்டேன். "போயி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"தப்பைத் தப்புன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"தப்பை மட்டுந்தானே சொல்றீங்க."

"இன்ஸ்பெக்டரு வேலை அதுதான் புள்ள."

எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, பத்தொம்பது வருசமும் வாய்க்கு வந்துருச்சு. "நான் புடிச்ச கோர் எத்தன லட்சம் உங்க கைக்கு வந்திருக்கும்? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இது நல்லாருக்குதுன்னு சொன்னீங்களா? பேசாம இருந்தா பாஸுன்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டுத்தானே கெடந்தேன். நான் உங்க பொண்டாட்டி, பொறுத்துக்கிட்டேன். மழைக்கு என்ன தலையெழுத்து? அது கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு. எனக்குப் போக எடமில்ல, அவ்வளவுதான்."

அவரு கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னிக்குப் பேசாமப் போனது பாஸா ரிஜெக்ட்டான்னு எனக்கே புரியல.

புதங்கெழமை காலையில எட்டரைக்கு அவரு உலைக்கு முன்னால போயி நின்னாரு. கையில பெயிண்டு டப்பா இல்ல. நாங்க எல்லாரும் சுத்தி நின்னோம். அவரு கூரையைப் பாத்துத் தொண்டையைச் செருமினாரு.

"வடக்கு மூலையில நீ கம்மியாத்தான் பேஞ்சே. அது வாஸ்தவம். அதை நான் மாத்திச் சொல்லமாட்டேன்."

மாசிலாமணி அண்ணன் தலையில கையை வெச்சுக்கிட்டாரு.

"ஆனா..." அப்படீன்னு நிறுத்தினாரு. அந்த ஆனாவுக்கு அப்புறம் என்ன வரோணும்னு அம்பத்திரண்டு வயசு மனுசனுக்குத் தெரியல. "ஆனா நடுவுல பேஞ்சியே. காலையில பத்து நாப்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும். அது... அது நல்லாருந்துச்சு."

உலை மேல ஒரு சொட்டு விழுந்துச்சு. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு.

அதுக்கப்புறம் அவரால நிறுத்த முடியல. அந்த ஒரு வார்த்தை வாசலைத் தொறந்துட்டுப் போயிருச்சு, பின்னாலயே இருபத்தாறு வருசமும் வெளிய வந்துச்சு. இன்ஸ்பெக்டருக்கு எதுவும் மறக்காது பாருங்க. "மாசிலாமணி, கரண்டு போயிப் போயி வந்த அந்த வருசம், நீ மணல் கட்டின எழுநூறு பெட்டியில ஒண்ணுல கூட ஓரம் பிசகல. சொல்லோணும்னு வந்தேன், நீ கேட்டுல கொடி புடிச்சு நின்னே, திரும்பிப் போயிட்டேன். நல்லாருந்துச்சுய்யா." மூணு சொட்டு விழுந்துச்சு. "ஆறுச்சாமி, நீ கேட்டைத் தெறக்க லேட்டாகி நான் பாத்ததே இல்ல." "லூர்து, உன்ற தக்காளி நாத்து அவ்வளவு மோசமில்ல, குச்சி கட்டினா நிக்கும், நல்லாக் காய்க்கும்." லூர்து வாயில சேலையை வெச்சுக்கிட்டுச் சிரிச்சா. "முதலாளி, ரிஜெக்ட்டானதைக் கண்டுக்காம அனுப்பிரு சென்னின்னு நீங்க ஒரு தடவை கூடச் சொன்னதில்லீங்க. அந்த மாதிரி எடம் கெடைக்காதுங்க." முதலாளி கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. ஒவ்வொருத்தர் பேரா, வருசம் சொல்லி, மாசம் சொல்லி, எந்தப் பம்பு எந்த வார்ப்புன்னு சொல்லிச் சொல்லி, நல்லாருந்துச்சு நல்லாருந்துச்சுன்னு அவரு சொல்லச் சொல்ல, மழை வலுத்துக்கிட்டே வந்து, வடக்கு மூலையிலயும் ஒரே அளவாப் பேஞ்சுது. அவரு அதையும் ஒரு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டாரு.

இப்ப எங்க நர்சரிக்குப் பாலக்காட்டுல இருந்தெல்லாம் வண்டி வருது. கேட்டுல அவருதான் உக்காந்திருக்காரு. ஒரு நாத்தை எடுத்து, இதுல இது குறை, இது நெறை, உங்க மண்ணுக்கு இது ஆகும், இது ஆகாதுன்னு ரெண்டையும் சொல்லித்தான் குடுப்பாரு. குறையைச் சொன்ன வாயி நல்லதைச் சொன்னா நம்பலாம்னு ஜனங்களுக்கு ஒரு நெனப்பு. வெறுங்கையோட திரும்பிப் போன அந்த அன்னூர்க்காரரும் மறுபடி வந்தாரு, சென்னியண்ணன் இல்லைன்னா நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போறாரு. எங்கூட்டுக்காரரு இப்பச் சோறு ரெண்டாந் தடவை கேட்டு வாங்கித் திங்கறாரு. அதெல்லாம் பின்னால நடந்தது.

அன்னிக்கு மழையில நின்னு எழுவத்தாறு பேருக்கும் சொல்லி முடிச்சாரு. நான் எழுவத்தேழாவது ஆளு. என்னைத் தாண்டிப் போயி நின்னாரு. சரி, நமக்குப் பழைய சட்டந்தான் போலன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவரு திரும்பி வந்தாரு.

"உன்ற கோரைப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது புள்ள" அப்படீன்னாரு.

"ஏனுங்க?"

"நான் பாத்ததே இல்ல. மொத வருசம் பாத்தேன். அப்புறம் பதினெட்டு வருசமா உன்ற தட்டு வந்துச்சுன்னா தொட்டுக் கூடப் பாக்காம அப்படியே உள்ள அனுப்பிருவேன். பாக்க என்ன இருக்குது."

எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கறாங்க. எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல, ரெண்டும் சேந்து வந்துச்சு. "பாக்காம பாஸ் போட்டீங்களா? முதலாளிக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிருக்குமுங்க" அப்படீன்னேன்.

"தெரியும்" அப்படீன்னாரு. "தெரிஞ்சுதான் தெனமும் பண்ணினேன்."

பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிச்சுது. மழை நிக்கல.